‘ணி’ என்றொரு பெயர்

போட் இன்ஜின்களோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு ‘சி’ என்ற கணினி மொழி படிக்க வந்தவர் வியாகப்பன். அவருக்குக் குரு பிரிசில்லா டீச்சர், வயதில் மகள்போல. புயலில் கடற்கரை ஊர்கள் சிதறியபோது, நிவாரண முகாம் வாசலில், உள்ளே இருப்பவர்கள் பெயரைக் காட்டும் மின்பலகையை டீச்சர் அவர் பொறுப்பில் விட்டார்.

பலகைக்குள் இருந்தது அரதப்பழசான சின்ன மெஷின். நினைவகம் கையகலம். வந்தவர்கள் பெயரை அதனதன் நீளத்துக்கு மட்டும் இடம் விட்டு, ஒட்டி ஒட்டி ஏற்றியிருந்தார் வியாகப்பன். எடுத்து வைக்க வேறு இடம் கிடையாது. இருந்த இடத்திலேயே அகர வரிசையாக்க வேண்டும். முட்டி மோதி முடித்தும் விட்டார். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மழையில் நனைந்தபடி ஒருத்தி வந்து பலகையை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

“எம் மொவ செலின் பேரக் காணலியே?”

“பலகையில இல்லன்னா உள்ள இல்லம்மா.”

அவள் பிணவறை இருக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

டீச்சர் வெளியே வந்தார்.

“டீச்சர், அந்தோணிக்குக் கீழ ‘ணி’ன்னு ஒரு பேரு நிக்கி. இது யாரு?”

“ணகரத்துல எந்தப் பேராவது தொடங்குமாண்ணே?”

டீச்சர் அவரை உள்ளே அழைத்துப் போனார்.

வந்த வரிசையிலேயே ஆட்கள் படுத்திருந்தார்கள். தலைமாட்டில் ஆளுக்கொரு வரிசை எண் சீட்டு. முதலில், ஒரு துண்டின் மேல் கைக்குழந்தை ரூபி. அடுத்து ஒரு சிறுமி. அப்புறம் காலில் கட்டோடு அந்தோணி, வாட்டசாட்டமான ஆள்.

“அகர வரிசைப்படி அந்தோணிதான் முதல்ல. ரூபி துண்டுல அவரைப் படுக்க வைங்க.”

“அவருக்கு அந்தத் துண்டு காணுமா? பாதி ஒடம்பு பக்கத்துல கெடக்கிற பிள்ள மேலல்லா விழும்!”

“அந்தப் பிள்ளை பேரென்ன?”

சிறுமி கண் விழித்தாள். “செலின்.”

வியாகப்பனுக்குப் புரிந்தது. நீளப் பெயரைக் குட்டிப் பெயரின் இடத்தில் திணித்திருக்கிறார். மிஞ்சிய ‘ணி’ பக்கத்துப் பெயரை அழித்துவிட்டது.

“ஐயோ டீச்சர், இவ அம்மை இப்பத்தான் வந்தா. நான் இல்லன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிக்கொண்டே மெஷினுக்கு ஓடினார். “கெடக்கிறவங்க கெடக்கட்டும். சீட்டத்தான் மாத்தணும், சீட்டத்தான்...” என்று வாய் முணுமுணுத்தது. பெயர்களைத் திரும்ப ஏற்றினார். இந்தத் தடவை ஒரு பெயரையும் தொடவில்லை. எது எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டிகளை மட்டும் இடம் மாற்றினார். பலகையில் செலின் தெரிந்தாள்.

பின்னாலேயே டீச்சர் சிறுமியோடு வந்து நின்றார்.

“பாருங்க டீச்சர், பேரு வந்துட்டு! இனி ஒண்ணும் நகராது.”

டீச்சர் செலினின் கையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இவ இருந்த இடத்துலயேதான் இருந்தாண்ணே. நீங்க நகர்த்தினது இவ அம்மைய.”