ஈ ஓட்ட ஆள் வைத்தவர்

இதனால் சகல குடிமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் மாமன்னர் ராஜமார்த்தாண்ட கெம்பீர பூபதி அவர்கள் நேற்று மதியம் வயிறு நிறைய உண்டபின், பசி என்றால் என்ன என்பதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தார்கள். அந்தச் சிந்தனையின் பலனாக, உடல் ஊனமுற்ற பிரஜைகள் ஒவ்வொருவருக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தினமும் ஓர் ஆழாக்கு அரிசி வழங்கப்படும். கேட்டவர்கள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கவும். டும் டும் டும்!

இப்படித் தண்டோரா போட்ட நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் நாலு நாட்டுக்காரர்கள் “எங்களைத்தானே சொல்கிறாய்” என்று சண்டைக்கு வருவார்கள். நடந்தது முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் பாதுகாப்பு.

அந்த அரண்மனையில் குப்பாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜா அவன் பேச்சுக்கு மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். மற்றவர்கள் பேசும்போது கொட்டாவி விடுவார். இதனால் சபையில் பாதிப் பேருக்கு அவனைக் கண்டால் வயிறு எரியும். அதிகமாக எரிந்தது தானாதிகாரி தாண்டவமூர்த்திக்கு. கொடுப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட அவர், கொடுக்காமல் இருப்பதில் கைதேர்ந்தவர். ராஜாவின் ஆணைக்கு அடியில் அவர் ஒரே ஒரு வரி சேர்த்தார்: ‘யாதொரு வேலையும் செய்ய இயலாதவர் மட்டுமே ஊனமுற்றவர். வேலை செய்து பிடிபட்டால் அரிசி நிறுத்தப்படும்.’

அந்த அரண்மனையின் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தன் கையால் எதையும் செய்யாதவர்தான் அங்கே பெரிய மனிதர். வெற்றிலை மடிக்க ஆள் வைத்திருப்பவர், அதில் சுண்ணாம்பு தடவுவதற்கே தனி ஆள் வைத்திருப்பவரைக் கண்டால் எழுந்து நிற்பார்.

கோயில் வாசலில் செங்கமலம் என்று ஒரு பெண் பூ விற்றுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே இரண்டு காலும் வராது. ஆனால் விரல்கள் பறக்கும். ஆடி மாதத்தில் ஒருநாள் குப்பாண்டி அந்தப் பக்கம் போனபோது, அவள் கூடை காலியாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“என்ன தாயி, அரிசி வரலையா?”

“நிறுத்திட்டாங்க அண்ணே. உனக்குக் கால் வந்துருச்சாமேன்னு கேட்டாங்க. இல்லேன்னேன். அப்புறம் எப்படிப் பூக் கட்டினேன்னாங்க. பூவை யாராச்சும் காலால கட்டுவாங்களா?”

“கொஞ்ச நாள் கட்டாம இருந்து பார்க்கிறதுதானே?”

“இருந்தா உப்பு புளிக்கு எங்க போறது? வெறும் ஆழாக்கு அரிசிய மென்னு தின்னவா? அந்த அரிசியிலயும் பாதி கல்லு. சரி, பூவ வச்சே பொழைச்சுக்கலாம்னா, ஆடியில எவன் கல்யாணம் வைக்கிறான்? அரிசியும் வேணும், பூவும் வேணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் அண்ணே ஒரு வயிறு. ஆவணி முகூர்த்தம் வரைக்கும் தாங்குவனான்னு தெரியல.”

குப்பாண்டிக்கு அன்றைக்கு எந்த நகைச்சுவையும் வரவில்லை. நேரே சபைக்குப் போனான்.

“மகாராஜா, தங்கள் அரிசி பசித்தவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் நன்மை செய்கிறது” என்றான்.

தாண்டவமூர்த்தி எழுந்தார். அதாவது, இரண்டு பேர் அவரை எழுப்பி நிறுத்தினார்கள். “பிரபு! ஊனம் என்ற பெயரில் ஊரே ஏமாற்றுகிறது. அந்தப் பூக்காரி மாலை கட்டுகிறாள். கண்ணில்லாத மருதன் என்பவன் மிட்டாய்க் கடை வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறான். என் ஆட்கள் கண்ணால் கண்டார்கள். ஈ ஓட்டுவது வேலையா, இல்லையா?”

“வேலைதான் போலிருக்கிறது” என்றார் ராஜா, சந்தேகத்தோடு.

“ஆகவே தங்கள் நாட்டில் ஊனமுற்றவரே இல்லை. இது தங்கள் ஆட்சியின் பெருமை! விகடகவிக்கு இதில் ஐயம் இருந்தால், யாதொரு வேலையும் செய்யாத ஓர் ஆளை வருகிற பௌர்ணமிக்குள் கொண்டுவந்து நிறுத்தட்டும். முடியாவிட்டால் களஞ்சியத்தைப் பூட்டிவிடலாம். விகடகவியும் மூட்டை கட்டலாம்.”

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். “அப்படியே ஆகட்டும்!” என்றார்.

குப்பாண்டி ஊரெல்லாம் அலைந்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர் தொட்டிலை ஒரு கயிறு கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். இரு கையும் இல்லாதவர் காயப்போட்ட நெல்லுக்குக் காவலிருந்து, காக்கையை வாயாலேயே விரட்டிக்கொண்டிருந்தார். வேலை செய்யாத ஏழை ஒருவன்கூட அகப்படவில்லை. வேலை செய்யாமல் இருக்க அவர்களுக்கு வசதி போதவில்லை.

பௌர்ணமியும் வந்தது. செங்கமலத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அரண்மனை வாசலில் நின்றான். அப்போது தாண்டவமூர்த்தியின் பல்லக்கு வந்து இறங்கியது. ஒருவன் பாதரட்சையைக் கழற்றினான். ஒருவன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். துடைத்த இடத்திலேயே ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து மூக்குக்கு இறங்கி மீசையைச் சுற்றிப் பார்த்தது. தானாதிகாரி அசையவில்லை. கண் மட்டும் அங்குமிங்கும் உருண்டது.

“எங்கேடா அவன்?” என்றார் உதட்டைத் திறக்காமல்.

ஒருவன் சாமரத்தோடு தலைதெறிக்க ஓடிவந்து ஈயை விரட்டினான்.

குப்பாண்டி சிரித்துக்கொண்டே சபைக்குள் நுழைந்தான்.

“எங்கே உன் ஆள்?” என்றார் ராஜா.

“முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார் மகாராஜா. ஐயா தானாதிகாரி அவர்களே, தங்களிடம் சில கேள்விகள். தங்கள் ஓலைகளைத் தாங்களே எழுதுவீர்களா?”

“நானா? என் அந்தஸ்து என்ன! அதற்கு எழுத்தன் இருக்கிறான்.”

“முத்திரை?”

“அதற்கு ஒருவன்.”

“அரிசி அளப்பது, கணக்குப் பார்ப்பது?”

“தனித்தனி ஆட்கள்” என்றார் தாண்டவமூர்த்தி. சபை முழுவதும் பொறாமையோடு பார்ப்பதைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தது. “வெற்றிலையை மெல்வது ஒன்றுதான் நான் செய்வது. அதற்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

“ஈ ஓட்ட?”

“சாமரத்தோடு ஒருவன் இருக்கிறான். மூக்கின்மேல் உட்கார்ந்தாலும் நான் கையைத் தூக்க மாட்டேன்!”

குப்பாண்டி ராஜாவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். “மகாராஜா, மருதனாவது ஈ ஓட்டினான். இந்த நாட்டிலேயே யாதொரு வேலையும் செய்யாதவர் இவர் ஒருவர்தான். இவரே சேர்த்த வரிப்படி ஆழாக்கு அரிசி இவருக்கே சேர வேண்டும். வேலையே செய்யாதவருக்கு வேறு ஊதியம் ஏது?”

ராஜாவின் வயிறு லேசாகக் குலுங்க ஆரம்பித்தது.

“பிரபு! நான் வேலை செய்கிறேன்!” என்று அலறினார் தானாதிகாரி.

“என்ன வேலை?”

தாண்டவமூர்த்தி, பதில் சொல்ல யாராவது ஆள் இருக்கிறானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“அளந்து போடுங்கள் இவருக்கு அரிசியை!” என்றார் ராஜா.

“ஆழாக்கு அரிசியில் ஒரு மனிதன் எப்படிப் பிழைப்பது பிரபு? உப்பு புளிக்கு எங்கே போவது?”

“அக்கம்பக்கத்தில் கொஞ்சம் பூக் கட்டிப் பார்க்கலாமே” என்றான் குப்பாண்டி. “ஆனால் பார்த்துச் செய்யுங்கள் ஐயா. பிடிபட்டால் அரிசியை நிறுத்திவிடுவார்கள்.”

“அந்த வரியை அடித்துவிடுங்கள்!” என்று தானாதிகாரி தரையில் விழுந்தார். யாரும் பிடித்து இறக்காமல் அவர் கீழே போனது அதுவே முதல் தடவை.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்தது. வரி அடிக்கப்பட்டது. உடல் முடியாதவர் பூக் கட்டினாலும் ஈ ஓட்டினாலும் ஆழாக்கு அரிசி உண்டு என்று அங்கேயே புது ஆணை பிறந்தது. குப்பாண்டியின் கழுத்தில் முத்துமாலை விழுந்தது. நிறுத்திவைத்த அரிசி முழுவதையும் தாண்டவமூர்த்தியே தன் கையால் அளந்து, தலையில் சுமந்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. முரசு முழங்கியது. தருமம் வென்றது என்று புலவர் ஒருவர் பாடவும் தொடங்கிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் செங்கமலத்துக்கு அரிசி வந்து சேர்ந்தது.

அதில் பாதி கல்.