உதைக்கிற பட்டன்

ராஜபாளையத்துல பானு டீச்சரு கடை ஒரு பேக்கரிக்கு மாடியில இருந்துச்சு. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவ. வயசு இருபத்தாறுதான். ஒரு காலத்துல டைப்பிங் சொல்லிக் குடுத்ததுல டீச்சருங்கிற பேரு ஒட்டிக்கிருச்சு. கீழ இருந்து பன்னு வேகுற வாசனை வரும் பாருங்க, அதுக்குன்னே படியேறுனவங்க உண்டு. சரி, அத விடுங்க.

அவகிட்ட சண்டை கத்துக்க வந்தவரு வேலாயுதம். பஸ் கண்டக்டர். நாப்பத்தஞ்சு வயசு.

என்ன சண்டைங்கிறீங்களா? கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு பொம்மை நின்னு அடிச்சுக்கிற சண்டை. ஜப்பான்ல யாரோ ஒரு மனுசன், ஒத்த ஆளா உக்காந்து, படம் பூரா வரைஞ்சு, மூணு வருசமா செஞ்சானாம். முடிச்ச கையோட, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு சும்மா குடுத்துட்டான். அந்த மூணு வருசமும் அவனுக்கு யாரு சோறு போட்டாங்களோ. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, இங்க யாரு படிக்க? அதனால பொம்மைகளுக்கு நம்மாளுங்களே பேரு வச்சிட்டாங்க. குடைக்காரி, கொண்டைக்காரி. குடைக்காரி சும்மா நிக்கையில கூட தோளு ஏறி எறங்கும். மூச்சு விடுறாளாம்!

ரெண்டு பேரு ஆடுறதுக்கு ஒரே பெஞ்சு, ஒரே கீபோர்டு. இடப்பக்கத்துப் பட்டன் ஒருத்தருக்கு, வலப்பக்கத்துது இன்னொருத்தருக்கு.

ஞாயித்துக்கிழமை வலப்பக்கம் உக்காருறது தங்கராசு. வேலாயுதத்தோட தங்கச்சி புருசன். ரெண்டு பேருக்கும் நாலு வருசமாப் பேச்சு இல்ல. மொத நாள் கடையில வேற ஆளு இல்ல, ஆட்டத்துக்கு ரெண்டு பேரு வேணும், உம்முன்னு உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு ஞாயிறு தப்புனதில்ல. தோளு உரச உக்காருவாங்க, அடிச்சுக்கிருவாங்க, எந்திரிச்சுப் போயிருவாங்க.

பேச்சு நின்னது ஒரு காதுகுத்துல. தங்கராசு மகளுக்கு. வேலாயுதம் டூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள நேரம் போகுதுன்னு, இவரோட சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திட்டாங்க. தாய்மாமன் நான் இருக்கையிலயான்னு இவரு பந்தல்ல நின்னு ஒரு மணி நேரம் பேசுனாரு. பாயாசம் ஆறி ஆடை கட்டிப்போச்சு. நல்ல சேமியாப் பாயாசம், பாவம்.

இப்ப கதைக்கு வாரேன். ஏழு வாரமா வேலாயுதம்தான் ஜெயிச்சாரு. எட்டாவது வாரம் பெஞ்சுல தங்கராசு இல்ல.

"டீச்சர், எனக்கு ஒண்ணு புரியல."

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் ஏமாத்தல. திருட்டாட்டம் ஆடல. அப்பறம் ஏன் இனிமே வரலைங்கிறான்?"

"உங்ககிட்ட சொன்னாரா?"

"என்கிட்ட எங்க பேசுறான்? பேக்கரிக்காரர்ட்ட சொல்லிருக்கான்." கொரலு எறங்கிப்போச்சு. "மாப்ள மூஞ்சியப் பாக்க எனக்கு வேற எடம் இல்ல டீச்சர்."

பானு கையில இருந்த திருப்புளிய கீழ வச்சா.

"போன வாரம் எங்கிட்ட வந்து, உதைக்கிற பட்டன் செத்துப்போச்சான்னு கேட்டாரு. தனியா அமுக்கிப் பாத்தோம். நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. அப்ப என் விரலுதான் சரியில்லன்னு எறங்கிப் போயிட்டாரு."

"அவன் ஆட்டமே அப்பிடித்தான். மரம் மாதிரி நிப்பான். காதுகுத்து அன்னைக்கும் அப்பிடித்தான் நின்னான். ஒரு வார்த்தை பதில் இல்ல. பூரா நாந்தான் பேசுனேன்."

பானு ஆட்டத்த மூடிட்டு, எழுத்தடிக்கிற வெள்ளைப் பக்கம் ஒண்ணத் தொறந்தா.

"அடி விழாம எப்பிடித் தடுப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

இடது கையில மூணு பட்டன சேத்து அமுக்குனாரு. இருபது வருசம் பஸ் கம்பியப் பிடிச்ச கை. பிடிச்சா விடாது. திரையில ஒரே எழுத்து வரிசையா ஓடுச்சு.

"அப்பிடியே இருங்க. வலது கையால மாப்ளயோட உதைக்கிற பட்டன அமுக்குங்க. அந்தக் 'கே'."

அமுக்குனாரு. கே வரல. இன்னும் அழுத்துனாரு. பெஞ்சே ஆடுச்சு. வரல.

"என்ன டீச்சர் இது? இப்பத்தான செத்துச்சு?"

"சாகல. இது மலிவுக் கீபோர்டு. உங்க பட்டன் மூணும் அமுங்கிக் கெடந்தா, அவரு அமுக்குறது உள்ள போய்ச் சேராது."

"அப்ப ஏழு வாரமும்…"

"அவரு உதைச்சுக்கிட்டேதான் இருந்தாரு அண்ணாச்சி."

கீழ யாரோ தட்டை டமார்னு போட்டாங்க. பன்னு தட்டாத்தான் இருக்கும்.

"புதுக் கீபோர்டு வாங்கிரலாமா?"

"வாங்கலாம்."

"இல்ல, இப்பவே தங்கச்சி வீட்டுக்குப் போயிரட்டுமா? மாப்ளய உக்கார வச்சு, மொதல்லருந்து எல்லாத்தையும் நானே எடுத்துச் சொல்லி, அவனுக்குப் புரியிற மாதிரி நானே…"

பானு அவரு இடது கையப் பாத்தா. மூணு விரலும் இன்னும் அமுக்குனபடியே இருந்துச்சு. பழைய எழுத்தே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"மொதல்ல விரல எடுங்க அண்ணாச்சி."

இடது கைய எடுத்தாரு. வலது கை விரலு மட்டும் கே மேலயே அமுக்குனபடி இருந்துச்சு.

திரையில ஒரு கே வந்துச்சு. அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் பக்கம் பூரா கே, கே, கேன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு.

வேலாயுதம் வாயத் தொறக்கல.