பன்னிரண்டு வயது மகாராஜா

கருவேலங்கோட்டையில் ஒரு சமயம் எல்லாக் கணக்குக்கும் விடை ஒன்றுதான். பன்னிரண்டு.

அது எப்படி வந்தது என்றால், அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை வைத்தார்கள். மகாராஜா மதகரிவர்மரின் ஒரே பிள்ளை விசயவர்மன், கேட்ட கேள்விக்கெல்லாம் பன்னிரண்டு என்றே எழுதிவிட்டான். மற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய அதே லட்சணம்தான்.

"எல்லாம் களிமண் மண்டைகள், மகாராஜா" என்றார் கணக்கு வாத்தியார் உருத்திரமூர்த்தி. "பிரம்பு போதவில்லை. இன்னும் ஒரு கட்டு வேண்டும்."

மகாராஜாவுக்குப் பிள்ளைப் பாசம் அதிகம். தாடியை நீவிக்கொண்டே யோசித்தார்.

"பாவம், குழந்தைகள் என்ன செய்யும்? கணக்குக்குக் கணக்கு விடை மாறினால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இன்று முதல் எல்லாக் கணக்குக்கும் விடை பன்னிரண்டு! மாற்றிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் யானைக் கொட்டாரத்தைப் பெருக்க வேண்டும்!"

அடுத்த பரீட்சையில் பிள்ளைகள் தேறித் தள்ளினார்கள். வாத்தியார் வகுப்பிலேயே தலையணை போட்டுப் படுத்தார். ஊர் மட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஊரையே அழைத்த கல்யாணத்தில் பன்னிரண்டு வடை சுட்டார்கள். தச்சர் மகாராணிக்குச் செய்த நாற்காலிக்குப் பன்னிரண்டு கால். எந்தப் பக்கம் இழுத்தாலும் அது நகரவில்லை.

தேறாதவள் ஒரே ஒருத்தி. மந்திரி சாத்தப்பனின் மகள் உமையாள். ஐந்தும் மூன்றும் எட்டு என்று சொல்லிவிட்டாள். துடைப்பத்தைக் கையில் கொடுத்துக் கொட்டாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பன்னிரண்டு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வாயேன், அம்மா" என்று கெஞ்சினார் சாத்தப்பன்.

"எட்டுதானே, அப்பா?"

வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போனவர் சாத்தப்பன். சாணி நாற்றத்தில் நிற்கும் மகளை ஒரு தடவை பார்த்தார். நேரே நந்தவனத்துக்குப் போய் இளவரசனைப் பிடித்தார்.

"இளவரசே, அதென்ன பன்னிரண்டு?"

விசயவர்மன் அக்கம்பக்கம் பார்த்தான். "ஒரு தடவை தெரியாமல் பன்னிரண்டு என்றேன். அது சரியாக இருந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் வாத்தியார் அடிக்கவில்லை. அதிலிருந்து அதையே சொல்கிறேன்."

"புரியவில்லை என்று அவரிடம் கேட்டால் என்ன?"

"கேட்டால் அதற்குத் தனி அடி, மாமா."

சாத்தப்பன் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பினார். மறுநாள் மகாராஜாவுக்குப் பிறந்தநாள். சபை நிரம்பி வழிந்தது. சாத்தப்பன் எழுந்தார்.

"பிரபு, ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் பிறந்த வருஷத்தை இந்த வருஷத்திலிருந்து கழித்தால் வயது எத்தனை?"

"நாற்பத்தா..." என்று ஆரம்பித்தார் மகாராஜா. துடைப்பம் கண்முன் வந்து நின்றது. பாதி வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டார். "பன்னிரண்டு."

"நூறாண்டு வாழ்க! ஆனால் உங்கள் பாட்டனார் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறதே. பதினாறு வயது நிரம்பாதவர் சிம்மாசனத்தில் உட்காரக் கூடாது. பள்ளிக்கூடத்தில்தான் உட்கார வேண்டும்."

மகாராஜா சபையைப் பார்த்தார். சபை கூரையைப் பார்த்தது. உண்மை வயதை ஒத்துக்கொண்டால் கொட்டாரம், ஒத்துக்கொள்ளாவிட்டால் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் நாற்றமாவது இராது என்று கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார். சாத்தப்பன் குடையோடு பின்னால் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

புது மாணவர் மகனுக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார். வாத்தியார் தலையணையை ஒளித்துவிட்டுக் கடகடவென்று பாடம் நடத்தினார்.

"அரையை அரையால் பெருக்கினால் கால். அடுத்தது..."

"இருங்கள், இருங்கள்" என்றார் மகாராஜா. "பெருக்கினால் பெருக வேண்டாமா? இது குறைகிறதே, ஏன்?"

இந்தக் கேள்வியை வாத்தியாரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் தன் வாத்தியாரிடம் கேட்டதில்லை. பழக்க தோஷத்தில் பிரம்பை ஓங்கினார்.

"எதிர்க்கேள்வியா? சொன்னதைத் திருப்பிச் சொல்! அரைக்காலை அரையால் பெருக்கினால் எவ்வளவு?"

போர்க்களத்தில் மதயானை எதிரே வந்தும் அசையாத மகாராஜா பிரம்பைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார். தெரிந்தவையும் மறந்துபோயின. விசயவர்மன் அவர் காதருகே குனிந்தான்.

"அப்பா, பன்னிரண்டு என்று சொல்லுங்கள். அடிக்க மாட்டார்."

"பன்னிரண்டு!" என்று அலறினார் மகாராஜா.

"சபாஷ்! தேறிவிட்டாய்!"

மகாராஜா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் வாடியிருந்தது. "சாத்தப்பா, தேறிவிட்டேன். ஆனால் ஏன் குறைகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் பிள்ளை தினம் தினம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறானா?"

"எனக்கும் விளக்கத் தெரியாது, பிரபு. தெரிந்த ஒருத்தி கொட்டாரத்தில் இருக்கிறாள்."

உமையாள் ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் யானைக்கு வைத்திருந்த கரும்புமாக வந்தாள். கேள்வியைக் கேட்டதும் சிரித்தாள்.

"பெருக்கினால் குறையும், மகாராஜா. கொட்டாரத்துக் குப்பையை நான் தினமும் பார்க்கிறேனே!"

மகாராஜா சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. வாத்தியார் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அதற்குள் அவள் அந்தக் கரும்பில் ஒன்றை எடுத்துப் பாதியாக ஒடித்தாள்.

"இது அரைக் கரும்பு. இதில் அரைப் பங்கு மட்டும் எடுத்தால்?" மறுபடி ஒடித்தாள். "கால் கரும்பு. அரைப் பங்குதானே எடுத்தோம், குறையாமல் என்ன செய்யும்?"

"அட! இவ்வளவுதானா? இதைக் கரும்போடு சொல்லியிருந்தால் நான் அலறியிருப்பேனா?"

அன்றே ஆணை மாறியது. பன்னிரண்டு ரத்து. பிரம்புக்கட்டு அடுப்புக்குப் போனது. கணக்கைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு பாடம் புரியாமல் அடுத்த பாடம் கிடையாது. தப்பாகச் சொன்ன பிள்ளையிடம் "எப்படி யோசித்தாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாத்தியார் வாய் திறக்க வேண்டும். சாத்தப்பனுக்கு முத்து மாலை. உமையாளுக்கு அவள் கேட்டபடி ஒரு யானைக்குட்டி.

புதுமுறையின் முதல் வகுப்பைப் பார்க்க மகாராஜாவே சாத்தப்பனோடு வந்து உட்கார்ந்தார். உமையாள் கரும்போடு முன்வரிசையில் இருந்தாள். வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக இப்படிக் கேட்டார்.

"யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?"

கடைசி வரிசையில் விசயவர்மன் எழுந்தான்.

"ஒரே ஒரு சந்தேகம்தான், ஐயா. உங்களுக்குக் கணக்கு வருமா?"

வாத்தியார் மகாராஜாவைப் பார்த்தார். சாத்தப்பனைப் பார்த்தார். பிறகு மெதுவாக உமையாளின் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காரும்மா" என்றார். "அந்தக் கரும்பை முதலிலிருந்து இன்னொரு தடவை ஒடி."