பைரவர் வாசலில் நின்ற வண்டி

"தானாத் தண்ணி குடிச்சாப் பிழைச்சுக்கும். குடிக்கலேன்னா என்னைக் கேக்காதீங்க."

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

கட்டையனை மடத்துக்குக் கொண்டுவந்து பின்கட்டில் சிமெண்டுத் தரையில் கிடத்தினார்கள். நாயின் விலா ஏறி ஏறி இறங்கியது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. மூஞ்சிக்கு எதிரே கிண்ணத்தில் தண்ணீர். நாய் அதைப் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் சின்ன மடம். குரு மரகதம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. ஓவர்சீயர் வேலையில் இருந்து ஓய்வு பெற்று வந்து சேர்ந்தவர். வயதில் சிறியவரை அம்மா என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சமில்லை. கூப்பிடுவதால் அம்மாவுக்குப் பெருமையும் இல்லை. மடத்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். காலையில் நாய்க்கு ஊசி போட டவுனுக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

மரகதம்மாள் ஈரத் துண்டால் நாயின் பாதங்களை நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஐஸ் வாங்கிட்டு வரட்டுமா, அம்மா?"

"ஐஸ் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க? விசிறுங்க."

மாசிலாமணி பனை விசிறியை எடுத்து விசிறினார்.

"என்ன நடந்துது?"

"பத்து நிமிஷம்தான்னு நினைச்சேன்."

"நினைச்சதைக் கேக்கல."

மாசிலாமணி சொன்னார். ஊசி போட்டாயிற்று. அரிசியும் எண்ணெயும் மளிகைக் கடைக்காரர் வண்டிக்கே கொண்டுவந்து ஏற்றிவிட்டார். இவர் இறங்கவே இல்லை. நேரே மடத்துக்கு வந்திருந்தால் ஒன்றுமில்லை. வழியில் பைரவர் கோயில். புதன்கிழமை, தேய்பிறை அஷ்டமி. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது, அபிஷேகம் அப்போதுதான். புதனும் அஷ்டமியும் இனி எப்போது சேருமோ. வண்டியை ஓரம் கட்டினார்.

"அக்னி நட்சத்திரம். உச்சி வேளை."

"வேப்ப மரத்தடியிலதான் நிறுத்தினேன்."

"நிழல் உங்ககிட்ட உத்தரவு கேட்டுட்டா நகரும்?"

"கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி விட்டேன்."

"கொசு போய் வரலாம்."

"தண்ணிகூட வெச்சேம்மா."

"எதுல?"

"பிளாஸ்டிக் டம்ளர்ல. சீட்டு மேல."

"அப்போ சீட்டு குடிச்சிருக்கும்."

மாசிலாமணி விசிறினார். நாய் கண்ணை மூடிக்கொண்டது. அம்மா அதன் இமையை விரலால் தொட்டார். திறந்தது. துண்டை மறுபடி வாளியில் முக்கினார்.

"கூடவே கூட்டிப் போறதுக்கென்ன?"

"கோயிலுக்குள்ள நாயை எப்படி விடுவாங்க?"

"பைரவர் பக்கத்துல என்ன நிக்குது?"

"கல் நாய்."

"அதுக்கு?"

"அதுக்கும் பால் ஊத்தினாங்க."

அம்மா துண்டைப் பிழிந்தார். வயிற்றை நனைத்தார்.

"பத்து நிமிஷம் எப்படி முக்கால் மணி ஆச்சு?"

"அலங்காரத்துக்குத் திரை போட்டுட்டாங்க. திரை விலகித் தீபாராதனை ஆகாம எழுந்து போனா அபசாரமில்லையா?"

வெளியே வேப்ப மரத்து நிழல் வண்டியை விட்டுத் தள்ளிப் போயிருக்கிறது. இளநீர்க் கடை அந்தோணி பார்த்திருக்கிறார். நாய் முதலில் கண்ணாடியைப் பிராண்டியது, பிறகு பிராண்டவில்லை. அந்தோணி அரிவாளைத் திருப்பிப் பிடித்து முதுகால் கண்ணாடியை உடைத்தார். நாயை வெளியே இழுத்துப்போட்டுக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். மாசிலாமணி நெற்றி நிறைய விபூதியோடு வந்தபோது ஒரு கூட்டமே நின்றது.

"யோவ், உன் நாயா? உள்ள படுத்துத் தூங்கினியா?" என்றார் அந்தோணி.

இதையும் மாசிலாமணி மறைக்காமல் சொன்னார். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"உடைக்கிறதுக்கு முந்தி யாரையும் கூப்பிட்டுப் பாக்கலையா அவரு?"

விசிறி நின்றது.

"கேக்கறேன்."

"கோயில் மைக்குல சொல்ல வெச்சாரு."

"என்னன்னு?"

"வெள்ளை வண்டிக்காரர் உடனே வெளியில வரவும்னு. நம்பரும் சொன்னாங்க."

"உங்க காதுல விழுந்துதா?"

மாசிலாமணி டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. அந்தோணியிடமும் சொல்லவில்லை.

"விழுந்துது. ரெண்டு தடவை."

அம்மா துண்டை வாளி விளிம்பில் போட்டார்.

"யாரோ வண்டி எடுக்கணும், நம்ம வண்டி மறிச்சு நிக்குது போலன்னு நினைச்சேன். நிக்கட்டும், தீபாராதனை ஆகட்டும்னு இருந்துட்டேன்."

அம்மா நாயின் காதைத் தடவிக்கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மாசிலாமணியே பேசினார்.

"பெரிய பாவம் பண்ணிட்டேம்மா. பரிகாரம் சொல்லுங்க. நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு. அஷ்டமிக்கு அஷ்டமி எட்டு விளக்கு. செருப்பே இனி போடல, வெயில்லயே நடக்கிறேன். அதுவும் போதாதுன்னா சொல்லுங்க. பைரவர் என்னை மன்னிப்பாரா?"

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"விசிறி எங்க?"

விசிறி தரையில் கிடந்தது. கும்பிடுவதற்காக இரண்டு கையையும் சேர்த்திருந்தார். அவர் பேசிய நேரத்தில் நாயின் வயிறு காய்ந்துவிட்டிருந்தது.

மாசிலாமணி விசிறியை எடுத்தார். அம்மா துண்டையும் அவரிடமே கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

வயிறு. காது. முன்னங்கால்கள். பிறகு விசிறல். மறுபடி வயிறு. வாளித் தண்ணீர் சூடேறியது. கிணற்றடிக்குப் போய்க் கொட்டிவிட்டு வேறு இறைத்து வந்தார். துண்டை முக்கினார், பிழிந்தார், நனைத்தார், விசிறினார். முழங்கால் வலித்தது. மாற்றி உட்கார்ந்தார். கிண்ணம் அப்படியே இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நாய் நாக்கை உள்ளே இழுத்தது. தலையை ஒரு சாண் தூக்கியது. முன்னங்கால் இரண்டும் நடுங்கின. மாசிலாமணி கிண்ணத்தை நகர்த்தக் கை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

நாய் தானாகவே மூஞ்சியை நீட்டியது. ஒரு வாய் குடித்தது. நிறுத்தியது. மறுபடி இரண்டு வாய். தலையைத் தரையில் போட்டுக்கொண்டது.

"குடிச்சிட்டாம்மா! குடிச்சிட்டான்!"

"கத்தாதீங்க. பயந்துக்கும்."

அறுபத்து மூன்று வயதுக்காரர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே எழுந்தார். விசிறியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எங்க?"

"ஒரே நிமிஷம், அம்மா. சந்நிதியில ஒரு சூடம் ஏத்திட்டு ஓடி வந்துடறேன். சாமிக்கு ஒரு நன்றி சொல்ல வேணாமா?"

பின்னங்கால் இரண்டும் இன்னும் காய்ந்துதான் கிடந்தன. நாய்க்கு இரைப்பு அடங்கவில்லை.

"சாமி காத்திருக்கும், ஓவர்சீயரே," என்றார் மரகதம்மாள். "சாமிக்கு இரைக்கல."