பல்லக்குத் தூக்கியின் கால்விரல்கள்

மலையடிவாரத்து ஜமீன் ஒன்றில் இருளப்பன் என்றொரு பல்லக்குத் தூக்கி இருந்தான். ஒருநாள் பாறை உருண்டு அவனுடைய வலதுகால் விரல்கள் ஐந்தும் போய்விட்டன. புண் ஆறியதும் ஜமீன்தாரிடம் போய், "சாமி, இனிமே மலைப்படியில பல்லக்குத் தூக்க என்னால ஆகாது. தோட்ட வேலை குடுங்க" என்று கேட்டான்.

மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஜமீன்தார் சிரித்தார். "நடக்கிறது காலு. விரலுக்கு அங்க என்னடா வேலை? மெட்டி போடவா வச்சிருக்கே? நாளைக்கு மலைக்கோயிலுக்கு நீதான் தூக்குறே. இல்லேன்னா ஊரை விட்டுப் போ."

இருளப்பன் பணிவாகவே சொன்னான்: "உத்தரவு சாமி. விரல் தரையில படாம, நீங்க இந்த மண்டபத்து நாலு படியை இறங்கிக் காட்டுங்க. நான் தூக்குறேன்."

ஜமீன்தார் விரல்களை உயர்த்திக்கொண்டு குதிகாலாலேயே இறங்கினார். இரண்டாம் படியிலேயே உடம்பு தள்ளாடியது. இருளப்பன் நொண்டிக்கொண்டே ஓடிவந்து தாங்கினான். அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார் ஜமீன்தார்.

"இங்க பிடிச்சுக்க என் தோள் இருந்துச்சு சாமி. மலையில நான் சாஞ்சா, பல்லக்குக்குள்ள இருக்கிற நீங்க எதைப் பிடிப்பீங்க?"

தோளிலிருந்து கையை எடுக்காமலே ஜமீன்தார், ஜமீன் வேலைகளைக் கவனிக்கும் காரியக்காரரைப் பார்த்தார். "இவனைத் தோட்டத்துக்கு அனுப்புங்க" என்றார்.