மாப்பிள்ளை ஏறினால் கொதிக்கும் வண்டி

கொட்டாங்காட்டுக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ‘பெயிண்ட் ஈரம், தொடாதே’ என்று எழுதிப் போட்டு நாலு வருஷமாகிறது. இன்று வரைக்கும் ஒரு கை அந்தச் சுவரில் பட்டதில்லை. மழைக்கு ஒதுங்கினால்கூட ஒரு முழம் தள்ளி நின்று நனைவார்கள்.

அந்த ஊர் வீரபுத்திரனுக்குக் கல்யாணம். மலைக்கு இந்தப் பக்கம் இவன் ஊர், அந்தப் பக்கம் பெண் ஊர். போனாலும் வந்தாலும் ஒரு மேடு ஏறியாகணும். சொந்தபந்தமெல்லாம் முதல் நாளே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாச்சு. மாப்பிள்ளை மட்டும் காலையில் பிக்கப் வண்டியில் கெத்தாக வந்து இறங்குவதாக ஏற்பாடு.

வண்டி டீசல் வண்டி, நல்ல கிழடு. ஓட்டுவது அதன் சொந்தக்காரன் சங்கிலி. கூட வந்தது தாய்மாமன் ஒச்சப்பன். ஊரில் டீக்கடை வைத்திருப்பவர். வண்டி முகப்பை மொத்தமாக மூடி ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கூலிங்கிளாஸ் போட்ட வீரபுத்திரன் பம்பர் அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நிஜ வீரபுத்திரன் உள்ளே நிமிஷத்துக்கொரு தடவை மணி பார்த்துக்கொண்டிருந்தான். நிச்சயதார்த்தத்துக்கே மறுநாள் போய் நின்ற கூட்டம் இது. அதனால் பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: “பத்தரைக்குள்ள மணவறையில உக்காரலைன்னா, என் தங்கச்சி மகன் பட்டு வேட்டியோட தயாரா இருக்கான்.”

பாதி மேட்டில் வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

சங்கிலி மெக்கானிக் அந்தோணிக்குப் போன் போட்டான். “சூடு முள்ளு செவப்பத் தொட்டுச்சுன்னா ஓட்டாத. ஓரமா, நெழல்ல நிறுத்து,” என்றார் அவர்.

சங்கிலி நாலு பக்கமும் பார்த்தான். ஒரு மரமில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். “இங்க நெழல் நெறைய இருக்கு மாமா.”

“அப்ப வண்டி நெழல்லதான நிக்குது? வேற என்ன வேணும்?” என்றார் ஒச்சப்பன். வெயில் மண்டையைப் பிளக்க, மூன்று பேரும் நிம்மதியாக நின்றார்கள்.

வீரபுத்திரன்தான் அவசரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். தாம்பாளத்தில் இருந்த சந்தனத்தை எடுத்து, முள் இருக்கும் கண்ணாடியில் சிவப்பு தெரிகிற இடத்தில் கெட்டியாக அப்பினான். “இப்பத் தொடுறதுக்குச் செவப்பே இல்லையே. ஓட்டலாமில்ல?”

“மாப்பிள்ளைக்கு மூளைய பாரு,” என்றார் மாமா.

அடுத்த வளைவில் வண்டி முன்னைவிட பலமாக ஆவி விட்டது. மறுபடி போன்.

“கை பொறுக்குற அளவுக்கு ஆறுனப்பறம் ரேடியேட்டர் மூடியத் தெறந்து தண்ணி ஊத்துங்க,” என்றார் அந்தோணி.

“யாரு கை?” என்று கேட்டான் சங்கிலி. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

கொதிக்கிற பால் சட்டியைத் துணியில்லாமல் இறக்கிப் பழகியவர் ஒச்சப்பன். தொட்டுப் பார்த்தார். “எனக்கு இப்பவே பொறுக்குதே.” திறந்தார். மூடி வானத்துக்குப் போனது. ஆள் தப்பித்தார், வீரபுத்திரனின் பட்டுச் சட்டைதான் தப்பவில்லை. துருத் தண்ணி பட்டு, சட்டை அவர் கடை டீ நிறத்துக்கு வந்துவிட்டது.

மூடியைத் தேடி எடுத்து, தண்ணி ஊற்றி, சிக்னல் பிடித்து மூன்றாம் தடவை போன்.

“முன்பக்கம் காத்துப் போற வழிய ஏதாச்சும் மறைக்குதா?”

சங்கிலி முன்னால் போய்ப் பார்த்தான். “மாப்பிள்ளை மறைக்கிறாரு.”

“மாப்பிள்ளையா? அவரு அங்க என்ன பண்றாரு?”

“சிரிச்சிக்கிட்டு இருக்காரு.”

“மொதல்ல அவர எறக்கி விடுங்கப்பா,” என்று அந்தோணி போனை வைத்துவிட்டார்.

இருவரும் வீரபுத்திரனைப் பார்த்தார்கள்.

“நான் உள்ளதான மாமா உக்காந்திருந்தேன்?”

“அங்கேயிருந்தே உன்னக் கண்டுபிடிச்சிட்டாருல்ல. எறங்குப்பா.”

“நடந்தா நேரத்துக்குப் போயிரலாமா?”

“ஏறுனா வண்டியே போகாதே. நீ நடந்தா வண்டியாவது நேரத்துக்குப் போகுமில்ல.”

நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. இறங்கினான். ஆள் நடக்கையில் படம் மட்டும் சவாரி போனால் மரியாதையில்லை என்று மாமா ஃப்ளெக்ஸையும் அவிழ்த்துக் கொடுத்தார். கறைச் சட்டை தெரியாமலிருக்க அதையே சால்வையாகப் போர்த்திக்கொண்டு ஓடினான் மாப்பிள்ளை.

வண்டி ஒரு பெருமூச்சுகூட விடாமல் மேடேறியது. சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தால் முள் நல்லபிள்ளையாகக் கீழே கிடந்தது. “மெக்கானிக் வாக்கு பொய்க்கல,” என்று சங்கிலி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மண்டபத்தில் தங்கச்சி மகன் ஒரு காலை மணவறையில் வைத்தாயிற்று. அப்போது மூச்சிரைக்க உள்ளே நுழைந்தது ஒரு ஃப்ளெக்ஸ். வேர்த்து வழிந்த மூஞ்சியைப் பெண் வீட்டார் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நெஞ்சிலிருந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் மாமனார் வழிவிட்டார். தாலி ஏறியது.

சாயங்காலம் ஊர் திரும்ப வேண்டும். பெண்ணை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை ஏறினால் வண்டி கொதிக்கும் என்பது தெரிந்த விஷயம். அதனால் அவன் தானாகவே பின்னால் நடக்க வந்துவிட்டான். புதுப்பெண் தனியாகப் போகிறாளே, மூஞ்சியாவது கூடப் போகட்டும் என்று ஃப்ளெக்ஸை மறுபடி முகப்பில் இறுக்கிக் கட்டினான்.

இரண்டாவது வளைவில் வண்டி புஸ்ஸென்றது.

ஒச்சப்பன் ஆவியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், நடந்து வந்துகொண்டிருந்த மருமகனைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“எறங்கும்மா,” என்றார். “பத்துப் பொருத்தம் பாத்த ஜோசியரு இந்தப் பொருத்தத்தச் சொல்லவே இல்லையே.”