உரக்கக் கேட்கும் வாசல்

மருதூர் ஏரிக்கரையில் நெல்லாயி என்று ஒரு பெருச்சாளி இருந்தாள். மருதூர் சின்ன ஊர் இல்லை. சுற்றியிருந்த காடுகளுக்கெல்லாம் அதுதான் தலைநகரம். அந்தத் தலைநகரத்தின் களஞ்சியம் முழுக்க நெல்லாயியின் பொறுப்பில் இருந்தது.

"பெருச்சாளி கையில் களஞ்சியமா!" என்று வெளிக்காட்டு மிருகங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

மருதூர்க்காரர்கள் கோபப்பட மாட்டார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாம், பெருச்சாளி கையில்தான்! ஒரு மணி தானியம் குறைந்ததென்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்!" என்பார்கள்.

அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

ஒரு காலத்தில் மருதூரை ஒரு புலி ஆண்டது. ஊர்த் தானியத்தையெல்லாம் தன் குகையிலேயே கொட்டி, அதன் மேலேயே படுத்துக்கொண்டது. தீர்ப்புச் சொல்வதும் அங்கேதான், தினை அள்ளிக் கொடுப்பதும் அங்கேதான். துதி பாடியவர்களுக்குக் கிடைத்தது. கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. மழை பொய்த்த வருஷம் எல்லோரும் குகை வாசலில் போய் நின்றார்கள். உள்ளே வெறும் உமி! யார் தின்றார்கள், எப்போது தீர்ந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. புலி பின்பக்கமாக ஓடிவிட்டது. ஊர் பாதியாகச் சுருங்கிப் போயிற்று.

மிஞ்சியவர்கள் கூடிப் பேசினார்கள். "பேசுகிற இடம் ஒரு கரையில் இருக்கட்டும். வைக்கிற இடம் மறு கரையில் இருக்கட்டும்" என்று முடிவு செய்தார்கள். கிழக்குக் கரையில் மருத மரத்தடியில் சபை அமைந்தது. மேற்குக் கரையில் பாறைக்குள் குடைந்து களஞ்சியம் அமைந்தது. சபைத் தலைவர் களஞ்சியத்துக்குள் கால் வைக்கக் கூடாது. களஞ்சியக்காரர் சபையில் வாய் திறக்கக் கூடாது.

"சரி, களஞ்சியத்தை யார் பார்ப்பது?"

"திருடுகிற வழியெல்லாம் தெரிந்தவர்தான் காவலுக்குச் சரி! பெருச்சாளியைப் போடுங்கள்!" என்றது ஓர் ஆமை. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

நெல்லாயியின் முன்னோர்களில் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. எது வேண்டுமென்றாலும், யாராக இருந்தாலும், பட்டப்பகலில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அக்கரைக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்க வேண்டும். எதற்கு என்றும் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் ஒரு மணிகூடக் கிடையாது!" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு பெருச்சாளி நுழையும் அளவே உள்ள சிறிய வாசல்; களஞ்சியக்காரரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. வாசலுக்கு முன்னால் ஒரு வெட்டவெளி. எத்தனையோ தலைவர்கள் ஏரியைச் சுற்றி நடந்து வந்து, அந்த வெட்டவெளியில் நின்று, தொண்டை கிழியக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது கேட்டார்கள், கிடைத்தது. காட்டுத்தீ வந்தபோது கேட்டார்கள், கிடைத்தது. ஒரு தலைவர் தன் மகன் கல்யாணத்துக்குக் கேட்டார். ஊரே சிரித்த சிரிப்பில் பாதி வார்த்தையிலேயே திரும்பிப் போனார்.

இப்போது அந்த வாசலில் நெல்லாயி இருந்தாள். அவள் பயந்த சுபாவம். சருகு விழுந்தாலும் துள்ளுவாள். குட்டி போட்ட பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. வானத்தில் பருந்து வட்டமிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பாறை உச்சியில் ஆட்காட்டிக் குருவிகள் காவல் இருந்ததால்தான் கொஞ்சமாவது கண் மூடினாள். பருந்து தூரத்தில் தெரிந்தாலே அவை கத்தி ஊரைக் கூட்டிவிடும். அந்தக் குருவிகளுக்கு ஆணையிடுகிறவர் சபைத் தலைவர்.

அந்த வருஷம் மழை தாமதமாயிற்று. களஞ்சியத்தில் மிச்சமிருந்தது பெரும்பாலும் விதைத் தினை. முதல் மழைக்கு ஏரிக்கரையெங்கும் விதைக்க வேண்டியது. அது போனால் அடுத்த வருஷம் மருதூரே கிடையாது.

அப்போது சபைத் தலைவராக இருந்தவர் கொம்பன் என்ற மிளா மான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கொம்பு பெரிது. சபையில் எழுந்து பேசும்போதெல்லாம் மருதக் கிளையில் மாட்டிக்கொள்ளும். "தலைநகரத்துக்கு ஏற்ற மாதிரி உயரமான மண்டபம் ஒன்று வேண்டும்" என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. கட்டுகிறவர்களுக்குத் தினை கொடுக்க வேண்டுமே! ஊருக்கு முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தது. தன் செயலரான மரநாயை அனுப்பினார்.

மரநாய் மத்தியான வெயிலில் வந்து வாசலோரம் பதுங்கி நின்றது.

"நெல்லாயி, சௌக்கியமா?" என்று கிசுகிசுத்தது. "தலைவருக்குக் கொஞ்சம் தினை வேண்டுமாம். பின்பக்கமாகத் தள்ளிவிடு. நமக்குள் இருக்கட்டும்."

நெல்லாயிக்கு மீசை நடுங்கியது. "உரக்கக் கேளுங்க ஐயா. அதுதானே வழக்கம்?"

"வழக்கமாம் வழக்கம்! நான் என்ன அந்நியனா?"

"எதற்கு என்றும் சொல்லணும்."

மரநாய் சிரித்தது. பிறகு வானத்தைப் பார்த்தது. "குட்டிகள் நன்றாக இருக்கின்றனவா? இன்னும் நடக்கக்கூட வரவில்லை, பாவம். பருந்து வேறு இந்தப் பக்கமே சுற்றுகிறது. குருவிகளுக்கு வேறு வேலை வந்து, நாளைக்கு அவை போய்விட்டால் நீ என்னம்மா செய்வாய்?"

நெல்லாயி குட்டிகள் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். 'கொடுத்துவிடு, கொடுத்துவிடு' என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு குவியல் போனால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அப்படித்தானே புலியின் குகை காலியாகியிருக்கும்! ஒவ்வொரு குவியலாக, யாருக்கும் தெரியாமல்.

"உரக்கக் கேளுங்க ஐயா" என்றாள் மறுபடியும். குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனால் வந்தது.

மறுநாள் பாறை உச்சியில் ஒரு குருவிகூட இல்லை.

மரநாய் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்த முயலின் காதில் போய், "யாரிடமும் சொல்லாதே. களஞ்சியம் காலி! எல்லாவற்றையும் பெருச்சாளி தின்றுவிட்டாள்!" என்றது. யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் முயல் சும்மா இருக்குமா? வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கடைசியில் பெருச்சாளி பெருச்சாளிதானே!" என்று தலையில் அடித்துக்கொண்டது குரங்கு.

"என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன்! மற்றவர் பாடு மற்றவருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடியது காட்டுப்பன்றி. அதன் பின்னால் மான்கள், மைனாக்கள், முள்ளம்பன்றிகள் எல்லாம் ஓடின. வெட்டவெளி புழுதியால் மறைந்தது.

நெல்லாயியின் கணவன் கட்டையன் பாறைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். "ஏ புள்ள, பார்த்தியா கூட்டத்தை? அவங்க எடுத்துக் காலி பண்றதுக்குள்ள நம்ம பங்கை அள்ளிக்க! குட்டிகளைத் தூக்கு! அடுத்த காட்டுக்குப் போயிடலாம்!"

"நாம முதல்ல ஓடினா, காலின்னு சொன்னது நிஜமாயிடுமேங்க!"

"நிஜமானா நமக்கென்ன? நமக்குக் குட்டிங்கதானே முக்கியம்?"

"குட்டிங்க முக்கியம்தாங்க. அதுங்க அடுத்த வருஷம் எதைத் தின்னும்? எந்த ஊர்ல வளரும்?"

நெல்லாயி நடுங்கிக்கொண்டே வாசலுக்கு வெளியே வந்தாள். எதிரே கொம்புகளும் குளம்புகளும் முட்களும். ஒரு மிதி போதும், அவள் கதை முடிந்துவிடும்.

"வரிசையில் நில்லுங்கள்!" என்று கத்தினாள். "எல்லோருக்கும் கொடுக்கிறேன்! வழக்கப்படி உரக்கக் கேளுங்கள்! எதற்கு என்றும் சொல்லுங்கள்!"

இத்தனை சின்ன உடம்பிலிருந்து இத்தனை பெரிய சத்தமா! கூட்டம் திகைத்து நின்றது. பழக்க தோஷத்தால் வரிசையும் வந்துவிட்டது.

முதலில் காட்டுப்பன்றி. "என் பங்கு முழுக்க எனக்கு வேண்டும்!"

"எதற்கு அண்ணே?"

"எதற்கா? மற்றவன் எடுப்பதற்கு முன்னால் நான் எடுக்க வேண்டும், அதற்கு!"

சொல்லி முடித்ததும் பன்றிக்கே தன் பதில் ஒரு மாதிரியாகக் கேட்டது. பின்னால் நின்ற மைனாக்கள் களுக்கென்று சிரித்தன.

"பசிக்கிறதா அண்ணே?"

"இல்லை. இப்போதுதான் கிழங்கு தின்றேன்."

"விதைக்கப் போறீங்களா?"

"மழையே இல்லையே தங்கச்சி, எங்கே விதைப்பது?"

"அப்புறம் இந்த வெயிலில் இதை எங்கே வைப்பீங்க?"

பன்றி காதைச் சொறிந்தது. "அதை நான் யோசிக்கவில்லை" என்று உரக்கவே சொன்னது. வரிசை முழுவதும் சிரித்தது.

"களஞ்சியம் காலியென்று உங்களுக்கு யார் சொன்னது? அதையும் உரக்கச் சொல்லுங்க."

"குரங்கு!" "எனக்கு மான்!" "எனக்கு முயல்!" எல்லோர் கண்ணும் முயல் மேல் விழுந்தது. முயல் காதுகளை மடக்கிக்கொண்டது. "எனக்கு... எனக்குச் செயலர் மரநாய்! யாரிடமும் சொல்லாதே என்றார்!"

"பேச்சு வேண்டாம்!" என்று பின்னாலிருந்து ஒரு கீரி சீறியது. "உள்ளே இருக்கிறதா, இல்லையா? நாங்கள் நுழைந்து பார்க்கக் கூடாது. உன் வார்த்தையை எப்படி நம்புவது?"

நியாயமான கேள்விதான். நெல்லாயி உள்ளே போனாள். வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தாள். அதை வெட்டவெளியில் வைத்தாள். மறுபடி உள்ளே போய் அடுத்த குட்டியைக் கொண்டுவந்தாள். எல்லாக் குட்டிகளையும் வரிசையாகக் கிடத்தினாள். மேலே பருந்து வட்டமிட்டது. அதன் நிழல் குட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று.

"இவைதான் என் உயிர்" என்றாள். "களஞ்சியம் காலியாகிவிட்டால் அதை முதலில் தெரிந்துகொள்வது யார்? நான்தானே! தெரிந்த பிறகும் குட்டிகளை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கவா இங்கே உட்கார்ந்திருப்பேன்? காவலை எடுத்துவிட்டார்கள். அதோ பருந்து. ஆனாலும் நான் ஓடவில்லை. ஏனென்றால் விதை உள்ளே இருக்கிறது!"

கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்த்தது.

காட்டுப்பன்றி முன்னால் வந்தது. குட்டிகளுக்கு மேலே கால்களை அகல வைத்து, கூரை மாதிரி நின்றுகொண்டது. "டேய் பருந்து! இறங்கித்தான் பாரேன்!" என்று உறுமியது. பிறகு நெல்லாயியைப் பார்த்து, "என் பங்கு உள்ளேயே இருக்கட்டும் தங்கச்சி" என்றது.

"என்னுடையதும்!" "எங்களுடையதும்!" வரிசை கலைந்தது.

கீரி மட்டும் விடவில்லை. "காவலை எடுத்தது யார்? தலைவரைக் கூப்பிடுங்கள்!"

கொம்பன் ஏரியைச் சுற்றி நடந்து வந்தார். இரண்டு கரையும் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் வந்து நின்றார்.

"என்ன வேண்டும் தலைவரே? உரக்கக் கேளுங்க" என்றாள் நெல்லாயி. வழக்கம் அவருக்கும்தானே!

"விதைத் தினை... கொஞ்சம்."

"எதற்கு?"

கொம்பன் தரையைப் பார்த்தார். "மண்டபம் கட்ட" என்றார். "மருதக் கிளையில் என் கொம்பு இடிக்கிறது."

"கொஞ்சம் குனிந்து பேசுங்களேன் தலைவரே!" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஓர் ஆமை கேட்டது. ஏரி முழுக்கச் சிரிப்பு எழுந்தது. மரநாய் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் புதருக்குள் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு மருதூரில் அதை யாரும் பார்க்கவில்லை.

கொம்பன் சிரிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, "காவலை எடுத்தது நான்தான். தப்பு" என்றார். அதையும் உரக்கவே சொன்னார். பதவியிலிருந்து இறங்கிக்கொண்டார். அன்று மாலையே சபை கூடியது. களஞ்சியத்தின் காவல் இனி எந்தத் தலைவரின் கையிலும் இருக்காது என்று முடிவாயிற்று. காவலை வைப்பதோ எடுப்பதோ முழுச் சபையும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஆட்காட்டிக் குருவிகள் ஆரவாரத்தோடு பாறைக்குத் திரும்பின.

மழை வந்தது. மருதூர்க்காரர்கள் வாசலில் வந்து உரக்கக் கேட்டார்கள்: "விதைக்க!" நெல்லாயி அள்ளி அள்ளிக் கொடுத்தாள். ஏரிக்கரை பச்சையாயிற்று. பக்கத்துக் காடுகளிலிருந்து தூதுவர்கள் வந்து, தங்கள் ஊரிலும் இப்படி ஒரு சபையும் களஞ்சியமும் வைப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். நெல்லாயிக்குப் பருந்தைக் கண்டால் இன்றைக்கும் பயம்தான். பயந்துகொண்டே வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஊர் அறிய உரக்கக் கேட்க முடியாத எதையும் பொதுச் சொத்திலிருந்து கேட்கக் கூடாது. பயந்தாலும் அந்த ஒழுங்கை விட்டுக்கொடுக்காதவரே தலைநகரத்தைக் காப்பவர்.